பணம் வாங்க ரகசிய எண் எதற்கு?

கடையில் ஒரு சாமான் பழசாகிவிட்டால் முன்பெல்லாம் மூன்று வழிதான் இருந்தது. தெரிந்த வியாபாரிகளிடம் சொல்லி வைப்போம். அல்லது தரகரிடம் விடுவோம். இரண்டும் ஆகாவிட்டால் காயலான் கடைத் தராசில் ஏற்றி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவோம். பட்டணத்து வியாபாரிகள் நாளிதழில் வரி விளம்பரம் கொடுப்பதும் உண்டு. இப்போது கைப்பேசியில் நாலு படம் எடுத்து, விலையைப் போட்டு, ஓஎல்எக்ஸ், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்றவற்றில் ஏற்றிவிட்டால் அரை மணியில் ஆள் கூப்பிடுகிறார். கிடங்கில் துருப்பிடித்துக் கிடந்த இரும்பு ரேக்குகளை நாங்களும் அப்படித்தான் விற்றோம். காயலான் கடையில் சொன்ன விலையைப் போல இரண்டு பங்கு கிடைத்தது. ஆகவே இந்த வசதியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த வாசல் வழியாக நுழைந்து நம் உறுப்பினர்களின் கல்லாவைத் துடைத்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி எழுதுகிறோம்.

செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையை ஒட்டி மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து கோயில் எடுத்த ஊர். அந்த ஊர்ப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் இருபது வருடத்துக்கு மேலாக எங்களிடம் சரக்கு எடுக்கிறார். பெயர் வேண்டாம். சனிக்கிழமைதோறும் பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்த பட்டியலை நீட்டுவார். அப்படிப்பட்டவர் சென்ற ஆண்டு புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை வரவில்லை. போன் செய்தபோது, "திங்கக்கிழமை வந்துடறேன் முதலாளி" என்றார். திங்களும் போயிற்று. அடுத்த சனிக்கிழமையும் ஆளைக் காணோம்.

தீபாவளிச் சரக்கு எடுக்கும் நேரம். எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் நாங்களும் மேலே பணம் கட்டியாக வேண்டும். கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டோம். "பழைய பாக்கி வராம இனி ஒரு மூட்டை வண்டியில ஏறாது" என்று சொன்னோம். மறுமுனையில் பதில் இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியில் படிக்கும் அவர் மகன் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். வாசலில் நின்றுகொண்டே அழுதான். "தப்பு என்னோடது ஐயா, அப்பாவைத் திட்டாதீங்க" என்றான்.

நடந்தது இதுதான். கோடை முடிந்து ஐஸ்கிரீம் விற்பனை படுத்துவிட்டது. சொந்தப் பணத்தில் வாங்கிய டீப் ஃப்ரீசர் சும்மா கரண்ட் தின்றுகொண்டு நின்றது. (கம்பெனிக்காரர்கள் கடையில் வைத்துவிட்டுப் போகும் ஃப்ரீசரை விற்கக் கூடாது, அது அவர்கள் சொத்து. இது தெரியாமல் விளம்பரம் போட்டவர்களும் உண்டு.) மகன் படம் எடுத்து 14,000 ரூபாய் என்று விலை போட்டு ஒரு விளம்பரச் செயலியில் ஏற்றினான். பத்து நிமிடத்தில் போன். பாதி இந்தி, பாதி ஆங்கிலம், நடுநடுவே தமிழ். தான் ராணுவத்தில் இருப்பதாகவும், முகாம் கேன்டீனுக்கு ஃப்ரீசர் வேண்டும் என்றும், ராணுவ வண்டியே வந்து ஏற்றிக்கொள்ளும் என்றும் சொன்னான். சீருடையில் இருக்கும் படம், அடையாள அட்டை எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தன. விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "முழுப் பணமும் இப்பவே போட்டுடறேன்" என்றான்.

முதலில் கடையின் கியூஆர் அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். அனுப்பினார்கள். உடனே கல்லாமேல் இருந்த சவுண்டு பாக்ஸ் ஒரு ரூபாய் வந்ததாகப் பேசியது. அந்த ஒரு ரூபாயில்தான் தகப்பன், மகன் இருவருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு, பெரிய தொகை இந்த வழியில் போகவில்லை, ராணுவக் கணக்குக்குத் தனி முறை உண்டு, தான் அனுப்பும் கோடை ஸ்கேன் செய்தால் 7,000 ரூபாய் முன்பணம் ஏறும் என்றான். மகனுடைய போனுக்குக் கோடு வந்தது. அப்பாவின் போனால் அதை ஸ்கேன் செய்து, ரகசிய எண்ணைத் தட்டினார்கள். 7,000 ரூபாய் ஏறவில்லை, இறங்கியது. "ஐயோ, தப்பாகிவிட்டது, இதையும் சேர்த்துத் திருப்பிப் போடுகிறேன்" என்று 14,000 ரூபாய்க்கு அடுத்த கோடு. அதன்பிறகு, "சிஸ்டத்தில் மாட்டிக்கொண்டது, இந்த ஒரு கோடு போட்டால் மொத்தமும் சேர்ந்து வந்துவிடும்" என்று 21,000 ரூபாய்க்கு மூன்றாவது கோடு. ஆக 42,000 ரூபாய். எல்லாம் கால் மணி நேரத்துக்குள். சவுண்டு பாக்ஸ் வாய் திறக்கவில்லை. வருகிற பணத்துக்குத்தான் அந்தப் பெட்டி பேசும். போகிற பணத்துக்குப் பேசாது. செஞ்சிக் கோட்டையை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுத்தான் மொகலாயர் படை பிடித்தது. இங்கே கதவை உள்ளேயிருந்து நாமே திறந்துவிடுகிறோம்.

அந்தப் பணம் எங்களுக்குக் கட்ட வைத்திருந்த பணம்.

படித்த பிள்ளை இப்படி ஏமாந்தானே என்று வாசகர்கள் நினைக்கலாம். 2021 பிப்ரவரியில், அப்போது டெல்லி முதலமைச்சராக இருந்த அரவிந்த் கெஜ்ரிவாலின் மகள் ஒரு பழைய சோபாவை ஓஎல்எக்ஸில் விற்க விளம்பரம் செய்தார். வாங்குவதாகச் சொன்ன ஆள் முதலில் ஒரு சிறு தொகையை அனுப்பினான். பிறகு கியூஆர் கோடு அனுப்பினான். இரண்டு தவணையில் 34,000 ரூபாய் போய்விட்டது. முதலமைச்சர் வீட்டிலேயே இந்தக் கதை என்றால் மளிகைக் கடை வீட்டைச் சொல்ல வேண்டியதில்லை. அரியானாவின் நூஹ், ராஜஸ்தானின் பரத்பூர், உத்தரப் பிரதேசத்தின் மதுரா ஆகியவை ஒன்றையொன்று தொட்டிருக்கும் பகுதியில் இதையே தொழிலாகச் செய்யும் கூட்டங்கள் இருப்பதைப் போலீசார் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். 2023 ஏப்ரல் கடைசியில் சுமார் 5,000 போலீசார் நூஹ் மாவட்டத்தின் 14 கிராமங்களில் ஒரே சமயத்தில் புகுந்து சோதனை போட்டார்கள் என்றால், அது எத்தனை பெரிய வியாபாரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவனுக்கு மண்டகப்பட்டு எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நாம் போட்ட விளம்பரமும் நம்பரும் போதும்.

இதில் நமக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. நம் எல்லோர் கடையிலும் கல்லாவுக்கு மேலே கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது. ஒரு நாளாவது அதை நாம் ஸ்கேன் செய்ததுண்டா? வாடிக்கையாளர்தான் ஸ்கேன் செய்கிறார். வாடிக்கையாளர்தான் ரகசிய எண்ணைத் தட்டுகிறார். நாம் பருப்பை நிறுத்துக்கொண்டே நிற்கிறோம், பணம் தானாக வந்து சேருகிறது. தினம் நூறு தரம் பார்க்கும் காட்சி இது. யூபிஐ முறையில் ரகசிய எண் என்பது கணக்கிலிருந்து பணம் எடுப்பதற்குப் போடும் கையெழுத்து. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கும் அதைக் கேட்கும். ஆனால் பணம் வாங்குவதற்கு ஒருபோதும் கேட்காது. ஸ்கேன் செய்ததும் திரையில் யாருக்கு, எவ்வளவு 'செலுத்துகிறீர்கள்' என்று எழுதித்தான் காட்டுகிறது. ஆங்கிலம் ஓடாவிட்டால் போன்பே, கூகுள் பே போன்ற செயலிகளைத் தமிழில் மாற்றி வைத்துக்கொள்ளலாம். அந்தப் பையனுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். ஆனால் காதில் ஒருவன் விடாமல் பேசிக்கொண்டிருக்கும்போது கண் படிப்பதில்லை. அவர்கள் போனை வைக்கவே விடாததற்குக் காரணம் அதுதான்.

கோடு இல்லாமல், 'பணம் வேண்டும்' என்று கோரிக்கை அனுப்பி, அதை ஏற்கச் சொல்லிப் பறிப்பதும் முன்பு நிறைய நடந்தது. தனிநபருக்குத் தனிநபர் அப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிடும்படி, யூபிஐயை நடத்தும் தேசிய நிறுவனமான என்பிசிஐ வங்கிகளுக்கும் செயலிகளுக்கும் உத்தரவிட்டது. அந்த ஓட்டை அடைபட்டது. கியூஆர் கோடு ஓட்டையை எந்த உத்தரவாலும் அடைக்க முடியாது. கடைக்கும் அதுதானே வழி.

எங்களுடைய தகப்பனார் காலத்திலிருந்து ஒன்று சொல்லுவோம்: வாங்க வந்தவன் குறை சொல்லுவான். மண்டியில் மிளகாய் மூட்டையைக் குத்திப் பார்த்து, கையில் எடுத்து, ஈரம் என்பான், நிறம் இல்லை என்பான். அவன் குறை சொல்லச் சொல்ல, வாங்கத்தான் வந்திருக்கிறான் என்று நமக்குத் தெரியும். பழைய ஃப்ரீசர் வாங்குகிறவன் என்ன கேட்பான்? கம்ப்ரசர் மாற்றியதா, கேஸ் எப்போது ஏற்றியது, கதவு ரப்பர் எப்படி, ஓட விட்டுப் பார்க்கலாமா, பில் இருக்கிறதா. கடைசியில் மூவாயிரம் குறையுங்கள் என்பான். ராணுவக்காரன் என்று சொன்னவன் இதில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. சாமானைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. 14,000 ரூபாய் என்றதும் சரி என்றான். மண்டியில் ஒருவன் அப்படி வந்து நின்றால் நாம் கல்லாவைப் பூட்டிக்கொண்டுதான் பேசுவோம். போனில் வந்ததும் அந்த வியாபாரப் புத்தி எங்கே போகிறது என்று தெரியவில்லை.

ஆகவே எங்கள் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பழைய சாமான் எதுவானாலும் ஆள் நேரில் வந்து பார்க்க வேண்டும். பகலில், கடையில், நாலு பேர் இருக்கும்போது. முன்பணம் வாங்குவதில்லை. ரொக்கம் என்றால் எண்ணி வாங்குகிறோம். யூபிஐ என்றால் கல்லாவில் ஒட்டியிருக்கும் எங்கள் அட்டையில் அவர்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். பிறகு எங்கள் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சாமான் வண்டியில் ஏறும். அவர் போனில் காட்டும் பச்சை டிக்கை நம்புவதில்லை. அசல் செயலியைப் போலவே திரை காட்டும் போலிச் செயலிகள் வந்துவிட்டன. பழைய சாமான் விற்பனை மட்டுமில்லை, தினசரி வியாபாரத்திலும் இது நடக்கிறது. கூட்ட நேரத்தில் ஒரு டின் எண்ணெயும் ஒரு சிப்பம் அரிசியும் எடுத்துக்கொண்டு ஸ்கிரீன்ஷாட் காட்டிவிட்டு நடையைக் கட்டியவர்களை நம்மில் பலர் பார்த்தாகிவிட்டது. வங்கியிலிருந்து வந்ததுபோல் வரும் குறுஞ்செய்தியும் அப்படியே. "தவறிப்போய் அதிகம் போட்டுவிட்டேன், மீதியைத் திருப்புங்கள்" என்று எவனாவது கூப்பிட்டால், அதிகம் வந்ததா என்று முதலில் கணக்கில் பாருங்கள்.

பணம் வராமல் போவது ஒரு தொல்லை. திருட்டுப் பணம் வந்து சேருவது இன்னொரு தொல்லை. எங்கோ ஒருவரை ஏமாற்றி, அவர் கணக்கிலிருந்தே நம் கணக்குக்கு நேராகப் பணம் போட வைத்து, சாமானை எடுத்துக்கொண்டு போய்விடுவான். பணம் இழந்தவர் புகார் கொடுத்ததும், பணம் போன தடத்தைப் பிடித்து வரும் போலீசார் சொல்லி, நம் கணக்கை வங்கி முடக்கிவிடும். தினசரி வரவு முழுவதும் ஒரே கணக்கில் இருந்தால் அன்றைக்கே வியாபாரம் நின்றது. இப்படி ஒரு வழக்கில், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைக்கலாமே தவிர முழுக் கணக்கையும் முடக்கி வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் கோர்ட்டு வரை போய் வருவதற்குள் சரக்கு எடுக்க யார் பணம் தருவார்கள்? எனவே வாங்குகிறவர் பெயரும் பணம் வந்த கணக்கின் பெயரும் ஒன்றுதானா என்று பார்ப்பது நல்லது. வேறாக இருந்தால் கேளுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் பெயர், விலாசம், போன் நம்பர், வண்டி நம்பர் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பழைய சாமான் விற்பனைக்குத் தனியாக ஒரு சிறு கணக்கு வைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி.

டிவிஎஸ் எக்ஸ்எல், டாட்டா ஏஸ் போன்ற வண்டிகளை விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்சி புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். படிவம் 29, 30 இரண்டையும் போட்டுப் பெயர் மாற்றம் முடிகிற வரை பின்தொடருங்கள். வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. விற்றுவிட்டோம் என்று நாம் சொன்னால் எடுபடாது.

இனி, பணம் போய்விட்டால் என்ன செய்வது என்பது. அந்தப் பையனின் விஷயத்தில் எங்கள் மனதை உறுத்துவது இந்த இடம்தான். வியாழக்கிழமை மத்தியானம் பணம் போனது. அன்று சாயங்காலமே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம். மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஏற்பாட்டில் நாடு முழுவதும் இயங்கும் உதவி எண் அது. எந்த நேரமும் கூப்பிடலாம். பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண், தொகை, நேரம், நம் வங்கியின் பெயர் ஆகியவற்றைச் சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் பறக்கிறது. அங்கே பணம் இன்னும் இருந்தால் நிறுத்தி வைக்கிறார்கள். அடுத்த கணக்குக்குப் போயிருந்தால் அந்த வங்கிக்குச் சொல்கிறார்கள். ஏமாற்றுக்காரன் பணத்தை நாலைந்து கணக்குகளில் பிரித்து ஏடிஎம்மில் எடுப்பதற்குள் நாம் முந்த வேண்டும். இது மணிக்கணக்கில் நடக்கிற ஓட்டம். நாட்கணக்கில் போனால் பிடிக்க எதுவும் மிச்சம் இருக்காது. கூடவே நம் வங்கிக்கும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலும், விழுப்புரத்தில் உள்ள சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் எழுத்தில் புகார் பதியலாம்.

வங்கி ஈடு கட்டுமா என்று பலர் கேட்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறு எங்கோ நடந்த கோளாறால் பணம் போய், தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் நாம் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் இல்லை. ஆனால் ரகசிய விவரத்தை வெளியே சொல்வது போன்ற நம் அஜாக்கிரதையால் பணம் போயிருந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை போனதெல்லாம் நம் தலையில்தான். சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ரகசிய எண்ணை நாமே தட்டியிருக்கும்போது வங்கி கை விரிப்பதில் ஆச்சரியமில்லை. சட்டம் இல்லாமலில்லை. நாம் 'நானூற்று இருபது' என்று வாய்க்கு வாய் சொல்லும் ஏமாற்று வழக்கு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-ஆம் பிரிவாகிவிட்டது. ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் ஆள் கிடைத்தால்தானே!

அவர்கள் ஏன் அன்றே யாரிடமும் சொல்லவில்லை என்று பையனிடம் கேட்டோம். அவனுக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்கவே வெட்கம். அப்பாவுக்கு வேறு பயம். கடைக்காரன் 42,000 ரூபாயைத் தொலைத்தான் என்று பஜாரில் பேச்சு கிளம்பினால், கடை ஆடிவிட்டது என்று சரக்குக் கொடுக்கிறவர்கள் எல்லாம் கையை இழுத்துக்கொள்வார்கள் என்று நினைத்திருக்கிறார். நம் தொழிலில் நாணயம்தான் முதல் என்பதால் அந்தப் பயம் பொய்யும் இல்லை. நாங்களே போனில் அதைத்தானே செய்தோம்? ஒரு வியாபாரி இருபது வருடத்தில் முதல் முறையாகத் தவணை தவறினால், பாக்கியைக் கேட்பதற்கு முன் "என்னப்பா, வீட்டுல ஏதாவது கஷ்டமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முதல் சனிக்கிழமையே கேட்டிருந்தால் மூன்றாம் நாளே புகார் போயிருக்கும். பதினோராம் நாள், அந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் 1930-க்குப் பேசினான் பையன். பணம் மூன்று கணக்குகளைத் தாண்டிப் போயிருந்தது. ஒரு கணக்கில் 2,300 ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். அதுவும் கைக்கு வருவதற்கு இன்னும் நடைமுறை இருக்கிறது என்றார்கள்.

தீபாவளிச் சரக்கை அவருக்கு ஏற்றி அனுப்பினோம். பழைய பாக்கியை வாரம் ஆயிரம், இரண்டாயிரமாகக் கட்டிக்கொண்டு வருகிறார். சங்கத்தில் இதை எழுதலாமா என்று கேட்டபோது, "பேரு மட்டும் போடாதீங்க முதலாளி, மத்தபடி எழுதுங்க" என்றார்.

ஃப்ரீசர் கடைசியில் பக்கத்து ஊர் டீக்கடைக்காரருக்குப் போயிற்று. அவர் மூன்று தரம் வந்து பார்த்தார். ஒரு நாள் முழுக்க ஓட விட்டுப் பார்த்தார். கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறது, அடியில் துரு இருக்கிறது, சத்தம் போடுகிறது என்று சொல்லிச் சொல்லி 14,000 ரூபாயை 11,500 ரூபாய்க்கு இறக்கினார். ரொக்கமாக எண்ணிக் கொடுத்துவிட்டுக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து, ரப்பர் மாற்ற 400 ரூபாய் ஆகிவிட்டது, பாதி நீங்கள் தர வேண்டும் என்று கடை வாசலில் நின்றாராம். நம்மவர் 200 ரூபாயை எடுத்துக் கொடுத்து, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.